ஒட்டகம் மார்க் பிலிமில் எங்க ஊர்க் கண்மாய்

எண்பத்திமூணாம் வருசம் எங்க ஊர்க் கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. தவளைகளெல்லாம் குஞ்சு குளுவான்களைக் கூட்டிக்கொண்டு வீரசோழன் பக்கம் நடந்தே குடிபோய்விட்டன. வரிசையாகப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்ட கண்மாய் நிறைந்து கிடக்கிறது என்று நிவாரணக் குழுவிடமிருந்து மூன்று தடவை கடுதாசி வந்தது. அவுக மேல் தப்புச் சொல்ல மாட்டேன். படத்தில் அப்படித்தான் தெரிந்தது.

வறட்சி லிஸ்ட்டில் ஊர்ப் பேர் ஏறினால் வீட்டுக்கு ஒரு மூட்டை கோதுமை, வாரத்துக்கு ரெண்டு லோடு தண்ணி. ஏறாவிட்டால் ஒன்றுமில்லை. ஊரில் அப்போது விதைக்கு வைத்திருந்த கம்பையும் வறுத்துத் தின்றாயிற்று. லிஸ்ட்டில் ஏறுவதற்குக் கண்மாயைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். சின்ன ரோல் பிலிம் ஆகாது, உள்ளங்கை அகலத்தில் ஷீட் நெகட்டிவையும் சேர்த்து அனுப்பணும் என்று உத்தரவு. அந்த மாதிரிப் பெரிய கேமரா அருப்புக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெபதுரையிடம்தான் இருந்தது. மரப்பெட்டி, முன்னால் தோல் மடிப்பு, தலையில் போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி. ஒரு படத்துக்கு ஒரு ஷீட். அதை இருட்டறையில் வைத்தே சட்டத்துக்குள் செருகிக்கொண்டு வரவேண்டும். பிரசிடெண்ட் ஐயாத்துரை அவரை எம்.ரெட்டியபட்டி வரைக்கும் பஸ்ஸில் கூட்டி வந்தார். அங்கிருந்து கேமரா நிறுத்துற முக்காலியைத் தூக்கி வந்தது நான்.

முதல் பிலிம் பெட்டியில் அன்னப்பறவை படம். கண்மாய்க்குள் உவர் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. பதினைந்தாம் நாள் பதில் வந்தது: “கண்மாய் நிறைந்துள்ளது. வாழ்த்துகள்.”

ஊர் கூடியது.

“அன்னம் எங்கய்யா இருக்கும்? தண்ணியிலதான இருக்கும்?” என்றாள் மாரிக்கனி. அவள் வாய்க்கு எதிர்வாய் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. “அதப் போயி வாங்கிட்டு வந்தா, தண்ணியக் காட்டாம வேற எதக் காட்டும்?”

“அது இல்ல ஆத்தா, உவரு வெள்ளையா மின்னுது. கறுப்பு வெள்ளைப் படத்துல அது தண்ணி மாதிரி…” என்று ஜெபதுரை ஆரம்பித்தார்.

“அந்த வெவரமெல்லாம் பிலிமுக்கு எப்படிய்யா தெரியும்?” என்று ஐயாத்துரை மறித்துவிட்டார். “தம்பி, வேற மார்க்கு பாரு.”

அடுத்தது ஒட்டகம் மார்க். ஒட்டகம் பாலைவனத்து உயிர் என்பதால் ஊருக்கே நம்பிக்கை. கூடுதல் அத்தாட்சிக்குக் கண்மாய் நடுவில் பத்துப் பேரை நிறுத்தி எடுத்தோம். பதில் வந்தது: “ஊர் மக்கள் தண்ணீர் மேல் நிற்பது தெளிவாகத் தெரிகிறது. இது எங்கள் குழுவின் வரம்புக்குள் வராது.”

ஜெபதுரைக்குத்தான் சங்கடம். உலகத்தில் ஒரே ஒருத்தர் செய்ததாக ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சில் கேட்டு வந்த காரியத்தை எங்க ஊரில் பத்துப் பேர் செய்திருந்தார்கள். அதில் இருளாண்டி பீடி குடித்துக்கொண்டே செய்திருந்தான்.

“ஒட்டகம் வயிறு நெறையத் தண்ணியக் குடிச்சு வச்சிக்கிருமாம்ல,” என்றாள் மாரிக்கனி. “அதான் கக்கிருச்சு.”

மூன்றாவதாகச் சூரியன் மார்க் வாங்கினார்கள். அதை இருட்டறையில் செருகும்போதுதான் ஜெபதுரை விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஷீட் பிலிமின் மூலையில் கம்பெனிக்காரன் சின்னச் சின்னதாக வெட்டுப் போட்டிருப்பான். இருட்டில் தடவிப் பார்த்தே இது இன்ன பிலிம் என்று சொல்லிவிடலாம். ஆளுக்கு ஒரு கைரேகை மாதிரி. மறுநாளே மூன்று பெட்டியிலும் ஒவ்வொரு ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“எல்லாரும் கண்ண மூடிட்டு மூலையத் தடவிப் பாருங்க.”

ஊரே கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகத் தடவியது. மூன்றிலும் ஒரு முக்கோணம், பக்கத்தில் ரெண்டு அரைவட்டம்.

“மூணும் ஒரே பிலிமு அண்ணாச்சி!” என்றார் ஜெபதுரை. “ எங்கயோ ஒரே கம்பெனியில செய்யிறது. இங்க கொண்டாந்து ஆளாளுக்கு ஒரு பேர ஒட்டி விக்கிறாக.”

“பொய்யி,” என்றான் இருளாண்டி. “ஒட்டகத்துல நான் எம்புட்டுச் செவப்பா இருந்தேன்! அன்னத்துல அப்படியா இருந்தேன்?”

“அன்னத்துல நீ நிக்கவே இல்லியேடா.”

“அதத்தான் சொல்றேன்.”

வாங்கினதை வீணாக்க வேண்டாம் என்று சூரியனிலும் ஒரு படம் எடுத்து அனுப்பினோம். “அலைகளில் வெயில் ஜொலிப்பது அருமை” என்று பதில்.

ஐயாத்துரை ரெண்டு நாள் கண்மாய்க் கரையையே சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் ஸ்டூடியோவுக்கே என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“தம்பி, காஞ்ச எடம் தண்ணியாத் தெரியுது. சரி. அப்ப தண்ணி என்னவாத் தெரியும்?”

ஜெபதுரை யோசித்தார். “ஆழமான தண்ணி கறுப்பாத் தெரியும் அண்ணாச்சி. மேல காத்தடிச்சா, உழுதுபோட்ட கரிசக்காடு காஞ்சு கெடக்குற மாதிரி…” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “வேணாம் அண்ணாச்சி. பொய்யி ஆகிப்போகும்.”

“நெசத்த மூணு தடவ அனுப்பிப் பாத்தாச்சுல்ல? பெட்டியத் தூக்கு.”

ஊருக்கு மேற்கே கல் வெட்டியெடுத்துப் பாழடைஞ்ச கிடங்கு ஒன்றில் பழைய தண்ணி ஆழமாகக் கிடந்தது. வாயில் வைக்க முடியாது, அத்தனை உப்பு. கரையில் சீமைக்கருவேலம். அது எங்க சீமையில் எந்தக் கரையிலும் ஒரே மாதிரிதான் நிற்கும். மூன்றும் ஒரே பிலிம் என்று தெரிந்த பிறகும் எந்தப் பெட்டி என்று கைதூக்கச் சொல்லி ஓட்டெடுத்தோம். ரெண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஒட்டகம் ஜெயித்தது.

இந்தத் தடவை பதில் ஆறே நாளில் வந்தது. “இவ்வளவு கொடிய வறட்சியைக் குழு இதுவரை கண்டதில்லை. நேரில் உறுதி செய்ய அதிகாரி வருகிறார்.”

ஐயாத்துரைக்கு ஒரே சந்தோசம். நேரில் வந்தால் கண்மாய் நெசமாகவே காய்ந்துதானே கிடக்கிறது!

அதிகாரி வருகிறதுக்கு மொத நாள் மத்தியானம் மழை பிடித்தது. ரெண்டு வருசத்து மழையும் ஒரே சாயங்காலத்தில் பெய்தது. விடிந்து பார்த்தால் கண்மாய் நிறைந்து மறுகால் வழிந்து போகிறது. குடிக்கத் தண்ணி வந்துவிட்டது. ஆனால் இனி விதைத்து அறுக்கிற வரைக்கும் திங்க ஒன்றுமில்லை. ஐயாத்துரை கரையில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “போச்சுடா கோதுமை.”

ஜீப் வந்தது. அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனுசன், கையில் படம். கண்மாயைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். காற்றுக்குத் தண்ணி கறுப்பாகச் சுருண்டு சுருண்டு வந்தது. கேமரா நின்ற கோணம் வேண்டும் என்று பேண்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணியில் இறங்கினார். படத்தை எட்டப் பிடித்து, கருவேல மரம் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

“பிரசிடெண்ட்,” என்றார் கடைசியில். “நானும் இருபது ஊரு பாத்துட்டேன். எல்லா ஊர்லயும் படம் ஒண்ணு, எடம் ஒண்ணு. உங்க ஊர்லதான்யா ரெண்டும் அச்சு அசலா ஒத்துப்போகுது.”

இருளாண்டியைத் தண்ணிக்குள் குனியச் சொல்லி, அவன் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் நாள் கோதுமை வந்தது. மூட்டை குறையவில்லை. கூடவே தண்ணி லாரியும் வந்தது, சொன்னபடி வாரத்துக்கு ரெண்டு லோடு. பிடித்து வைக்க ஊரில் ஒரு குடம்கூடக் காலியில்லை என்றோம். உத்தரவை மீற முடியாது என்றார் டிரைவர். அதனால் லாரியைக் கரையோரம் திருப்பி, கண்மாயிலேயே ஊற்றிவிட்டுப் போகச் சொன்னோம்.