விடுதிப் போனில் வந்த பாட்டு

அந்த வருஷம் சபையில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் மூன்றே பேர். டாக்டரின் மகன், பெட்ரோல் பங்க் மேனேஜரின் மகள், அப்புறம் ஊமைக்குயில். பாடகர் குழுவில் பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ பாடுவாள். பாட்டு முடிந்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவாள். அதனால் வந்த பேர்.

வழக்கம்போல மூவரையும் முன்னால் அழைத்து, ஆளுக்கொரு வேதாகமமும் பேனாவும் கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்தார் போதகர். ஆமென் சொல்லி எல்லாரும் உட்கார்ந்தபோது சைக்கிள் கடைக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பாட்டில் அடிக்குரல் அவருடையது. பேச்சில் எதையும் பட்டென்று போட்டு உடைப்பவர்.

"ஐயா, வருஷா வருஷம் இப்படித்தான் வழியனுப்புறோம். போன வருஷம் போன பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் தெரியலப்பா" என்றார்.

சபை கலைவதற்குள் முடிவாகிவிட்டது: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு பொறுப்பு. வெளியூரில் நர்சிங் படிக்கப் போகிற ஊமைக்குயில், கேள்வி கேட்டவர் வீட்டுக்கே வாய்த்தாள். அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"சிரிச்சு ரெண்டு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன்மா."

பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்து, தனியாளாக அவளை வளர்த்த அம்மா, "ஏன் எதுக்குன்னு கேக்க ஒரு ஆள் இருக்கே, எனக்கு அது போதும்" என்றாள்.

விடுதியில் வார்டன் அறை வாசலில் ஒரே ஒரு போன். சனிக்கிழமை சாயங்காலம் அது அடித்தால் அவளுக்குத்தான்.

"சாப்டியா?"

"சாப்டேன் மாமா."

"சரி. அத்தை பேசுவா."

அவர் பேச்சு அத்தோடு சரி. அத்தைதான் ஊர்க்கதை முழுவதையும் கொட்டுவாள். ஒரு சனிக்கிழமை அவர், "வச்சிடாத, இரு" என்றார். போதகர் அறைப் போனை வயர் எட்டுகிற மட்டும் இழுத்து, ஆலயக் கதவோரம் ஸ்டூலில் வைத்திருந்தார்கள். பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு குரலாக அவளுக்கு அடையாளம் தெரிந்தது. எப்போதும் அரை மாத்திரை முந்துகிற தையல்கார அக்கா, இருமிக்கொண்டே பாடும் தபால்காரர். தன் பங்கை அவளும் மெல்லப் பாடினாள்.

"என்னடி பாட்டு இது, தலையும் இல்ல வாலும் இல்ல?" என்று அந்தப் பக்கம் போன தோழி கேட்டாள்.

"மீதிப் பேர் ஊர்ல இருக்காங்க."

அதன்பின் சனிக்கிழமை தவறியதில்லை.

இரண்டாம் வருஷம், அவள் தினமும் தலைவாரிவிட்ட ஒரு நோயாளி அவள் கண்முன்னாலேயே இறந்துபோனாள். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள் ஊமைக்குயில். ஊரில் இறங்கியபின் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? சைக்கிள் கடைக்குப் போனாள். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"நான் இனிமே அங்க போகமாட்டேன் மாமா."

"சரி, போகவேணாம்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "சாயங்காலம் பயிற்சி இருக்கு. வந்து பாடு."

அவள் எப்போதும் நிற்கும் இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள். சுருக்கென்றது. தையல்கார அக்கா சற்று ஒதுங்கி, அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் ஊமைக்குயில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் புத்தி சொல்லவில்லை. அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரர் போன அன்னிக்கு, ஒரு நர்சுப் பொண்ணு விடியுற வரைக்கும் என் கையப் பிடிச்சிட்டே இருந்துச்சு. அது பேரக்கூட நான் கேக்கல."

அன்றிரவு அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். காலையில் அவளாகவே பையை எடுத்து வைத்தாள்.

கூடவே மாமாவும் அத்தையும் பஸ் ஏறினார்கள். வார்டன் மூவரையும் நிற்கவைத்து, பொறுப்பிருக்கிறதா, இப்படித்தான் பெண்ணை வளர்ப்பீர்களா என்று பொரிந்து தள்ளினார். மூக்குக்கு மேல் கோபம் வரும் மாமா, கிரீஸ் ஏறிய கைகளைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"நீங்க பொண்ணோட அப்பாவா?"

"இல்லிங்க. சபை."

"சபைன்னா?"

"இது எங்க பிள்ளைதாங்க" என்றார் அவர். "தப்பு எங்க மேலதான். இந்த ஒருதடவை மன்னிச்சுக்குங்க."

வார்டன் வருகைப் பதிவேட்டைப் பட்டென்று மூடி, "மேல போ" என்றார்.

ஊமைக்குயில் படித்து முடித்தாள். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வார்டுகளில் வேலை பார்த்தாள். சைக்கிள் கடைக்காரரின் அடிக்குரல் அடங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. அவரை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் வருவது, அன்று விடுதிப் படியிறங்கிய அவர் முதுகும், அத்தையிடம் அவர் சொன்னதும்தான்.

"யப்பா, என்ன வாய் அந்தம்மாவுக்கு. நம்ம குழுவுல சேத்தா நாலு ஆளுக்குச் சமம்."

மாடி ஜன்னலில் நின்று அதைக் கேட்டவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.