பூட்டிக்கொண்ட பென் டிரைவ்

நாலு மணிக்கு மேனேஜர் வந்துவிடுவார். இப்போது மணி ஒன்றேகால். அண்ணியின் பென் டிரைவோ, எதையும் உள்ளே வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் அண்ணிதான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஐந்து வருடமாகப் பகலெல்லாம் துணிக் கம்பெனியில் காலர் தைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் முன்னறையில் உள்ள பழைய எம்பிராய்டரி மெஷின் முன்னால் உட்காருவாள். இப்போது ஒரு செக்யூரிட்டி கம்பெனி எழுநூறு பேட்ஜ் கேட்டிருந்தது. மாதிரி பிடித்துப்போனால் தொடர்ந்து வேலை வரும். காலருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். மாதிரியில் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருந்தார் அந்த செக்யூரிட்டி கம்பெனி மேனேஜர். அண்ணி லீவு போட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிவிட்டாள். அதைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருகவேண்டியதுதான் பாக்கி. ஏற்றப்போனால், எழுதத் தடை என்று திரையில் வந்து நின்றது.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவனுக்கு வீட்டில் 'ஆபரேஷன்' என்று பெயர். கெட்டுப்போனது எதுவானாலும் உடனே திறந்துவிடுவான். பிழைப்பது அதன் தலையெழுத்து.

பென் டிரைவின் ஓரத்தில் பூட்டும் பொத்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். இல்லை.

"என்ன அண்ணி இது, முனையெல்லாம் வழவழன்னு இருக்கு?"

அண்ணி சுவரைப் பார்த்தாள். "செருகறப்ப இறுக்கமா இருந்துச்சு தம்பி. மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு எரிச்சலாக வந்தது. கத்தரிக்கோலோ கதவுக் கீலோ, இறுகினால் எண்ணெய் விடுவதுதானே தையல்காரர்கள் வழக்கம்? அவன் முனையைத் துடைத்து மறுபடி செருகினான். தடையை நீக்கும் கட்டளையை அடித்தான். நீக்கியாயிற்று என்றது கம்ப்யூட்டர். ஏற்றிப் பார்த்தால் பழைய பல்லவியே.

"உனக்கு இவ்வளவு திமிரா?" என்று பென் டிரைவைத் திட்டிய ஆபரேஷன், பட்டென்று ஃபார்மட்டை அழுத்திவிட்டான்.

"ஐயோ, அஞ்சு வருஷ டிசைன் அதுலதான்டா இருக்கு! வேற எங்கயும் கிடையாது!"

அண்ணி அவன் கையைத் தட்டிவிட்டாள். திரையில் ஒரு வரி வந்தது. எழுதத் தடை இருப்பதால் ஃபார்மட் செய்ய முடியாது.

"அதுக்கு இருக்கற புத்திகூட உனக்கு இல்லையே தம்பி!"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "தப்புதான் அண்ணி. கேட்டிருக்கணும். அனேகமா இது உள்ள தேஞ்சுபோச்சு. அப்படி ஆனா சிலது தானாவே பூட்டிக்கும். எழுத விடாது, படிக்க விடும். முதல்ல உள்ள இருக்கறதை வெளிய எடுத்துடுவோம்."

முந்நூற்றுப் பன்னிரண்டு டிசைன்களும் ஒன்று குறையாமல் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தன. பெரிய எழுத்துப் பேட்ஜை, அவன் தன் கடையிலிருந்து எடுத்துவந்த புதுப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருகினார்கள். மெஷின் திருதிருவென்று விழித்தது.

"இது அறுபத்துநாலு ஜிபி. இந்தக் கிழ மெஷினுக்கு இவ்வளவு பெருசு தெரியாது அண்ணி. சின்னது இப்ப எந்தக் கடையிலயும் இல்ல."

மணி மூன்றாகப்போகிறது. மெஷினில் மாட்டியிருந்த துணியையே வெறித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கேட்டாள். "ரெண்டு மீட்டர் துணியில கையளவு வளையத்தை மாட்டித்தானே தைக்கிறோம்? மெஷின் வளையத்துக்குள்ள இருக்கறதை மட்டும்தான் பார்க்குது. இதுலயும் கொஞ்சம் இடத்தை மட்டும் வளைச்சுக் காட்ட முடியாதா?"

ஆபரேஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "முடியும் அண்ணி. எனக்கு ஏன் தோணலை?"

இந்தமுறை அவளிடம் கேட்டுவிட்டே புதுப் பென் டிரைவை அழித்தான். அதில் இரண்டு ஜிபியை மட்டும் தனியாகப் பிரித்துப் பேட்ஜை ஏற்றினான். மெஷினில் டிசைன் பளிச்சென்று வந்தது. ஊசி இறங்கத் தொடங்கியதும் அண்ணிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

மேனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். எழுத்தைப் பார்த்தார். பேட்ஜைத் திருப்பிப் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். ஒரு முடிச்சும் தட்டுப்படவில்லை.

"எழுநூறும் எப்பக் கிடைக்கும்? துணிக் கம்பெனி வேலைக்கு வேற போறதா சொன்னீங்களே?"

"பத்து நாள்ல தந்துடறேன் சார்," என்றாள் அண்ணி. "இனிமே நான் முழு நேரமும் இங்கதான்."