பழைய எண் இருபத்தேழு

பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்று நகராட்சிப் பட்டியலில் இருந்தவை முப்பத்தொன்று. பழைய கோர்ட்டும் மணிக்கூண்டும் அடுத்தடுத்துத் தரைமட்டமானபோது, அவற்றைப் பட்டியலிலிருந்து சிவப்பு மையால் அடித்து நீக்கியவள் அவள்தான். "கண்ண எங்க வச்சுக்கிட்டு கையெழுத்து போட்டாங்களோ, புண்ணியவான்க!" என்று அலுவலகமே கேட்கத் திட்டினாள். அந்த வாய்க்காகவே அதிகாரி மனுக்களைச் சரிபார்க்கும் வேலையை அவள் தலையில் கட்டினார்.

வேலை சின்னதுதான். இடிக்க அனுமதி கேட்டு வரும் மனுவிலுள்ள கதவு எண்ணைப் பட்டியலில் தேட வேண்டும். இல்லையென்றால் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்து. தெருக்களுக்கெல்லாம் புது எண் கொடுத்த பிறகும் பட்டியலில் பழைய எண்தான் இருந்தது. அவள் ஒவ்வொரு தெருவாக அலைந்து, பக்கத்தில் பென்சிலால் புது எண்ணைக் குறித்தாள். ஒரு தெருவை மட்டும் விட்டுவிட்டாள். அது தெரிந்த இடம்தானே.

அங்கேதான் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அவளுடைய ஒரே மகள் அந்த மாடியில் பிறந்து, மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். போட்டோகூட இல்லை. மூன்று நாளும் வெயில் விழுந்த அந்தப் பச்சை ஜன்னல் மட்டும் மிச்சம். ஒவ்வொரு வருடமும் அவளும் கணவரும் எதிரே நின்று அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

அன்று பஸ் அந்தத் தெருவில் திரும்பியதும் அவள் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்தாள். கூரை இல்லை. இறங்கி ஓடினாள்.

"நிறுத்துங்க! இது பாதுகாக்கப்பட்ட கட்டடம்!"

மேஸ்திரி பொறுமையாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். "எல்லாம் முறைப்படிதாம்மா. நீங்களே பாருங்க."

புது எண் பதினான்கு. ஆட்சேபணை இல்லை. கீழே அவளுடைய கையெழுத்து, வழக்கம்போல அழகாக.

போன வாரம் பதினான்கைத் தேடியது நினைவுக்கு வந்தது. பட்டியலில் அந்தத் தெருவில் இருந்தது இருபத்தேழு மட்டும்தான், இதே ஆஸ்பத்திரியின் பழைய எண். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், மனப்பாடமான இடத்தில் கோட்டை விட்டிருந்தாள். பெற்றவளே செய்த வேலை.

போன் அடித்தது. கணவர். யாரையும் 'டேய்' என்றுகூடச் சொல்லாத மனுஷன்.

"நம்ம ஜன்னல இடிக்கிறாங்க," என்றார். "எவன் கையெழுத்து போட்டானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான்."

போனுக்குள்ளும் அதே இயந்திரம் இரைந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ப்பக்க நடைபாதையில், அவர்கள் எப்போதும் நிற்கும் இடத்தில், அவர் மாடியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"நீ எங்கம்மா இருக்க?"

"ஆபீஸ்லதாங்க."

ஜன்னல் சரிந்தது. பார்க்க மாட்டாமல் அவர் முகத்தைத் தாழ்த்தினார். எதிரே அவள் நின்றிருந்தாள், கையில் அந்தத் தாளோடு.