மடி கரைக்கு வரும் வேகம்

இயர்போனை விதுஷனின் காதில் சொருகிவிட்டு, றிஸ்கான் இரண்டடி பின்னால் போய், ஊசி போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கும் மிஸ்ஸியைப் போல நின்றான். காதுக்குள், போனிலிருந்து, டிக், டிக், டிக் என்று ஒரு தாளச் சத்தம். பசியோ கோபமோ இல்லாத சத்தம். தண்ணீர் மோட்டர் இருந்த அந்தத் தகரச் சீட்டுக் கொட்டிலுக்குள், மோட்டர் இருந்த இடத்தில் இப்போது விதுஷனின் ட்ரம் இருந்தது. இறால் பண்ணையில் நோய் வந்து ஒரேயொரு குளம் மிஞ்சிய பிறகு, அதன் சொந்தக்காரர் இன்னாசிப்பிள்ளை கொட்டிலைத் தன் மருமகன் அல்பிரட்டின் பாட்டுக் குழுவுக்குக் கொடுத்திருந்தார். இதைவிடப் பெரிய நட்டம் வரப்போவதில்லை என்ற தைரியத்தில்.

"இதோட சேந்து அடி. வேற ஒண்டும் யோசிக்காத," என்றான் றிஸ்கான்.

விதுஷன் அடித்தான். முதல் வரியில் டிக்கும் அவனும் கைகோத்துப் போனார்கள். இரண்டாம் வரியில் அவன் அரையடி முன்னால். பல்லவி திரும்ப வரும்போது டிக் தில்லையடியில் நின்றுகொண்டிருந்தது, அவன் சிலாபத்தைத் தாண்டிவிட்டான்.

"மச்சான், நீ அதுக்குக் கிட்டயும் இல்ல."

"அது மெதுவா அடிக்குது."

"அது மெஷின்டா! மெஷின் பிழை விடாது."

"ஓம். பிழை விடாம மெதுவா அடிக்குது."

றிஸ்கான் சிரிக்கவில்லை. கொழும்பில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் இஸ்ஹாக் என்பவர் அவர்களது பாட்டை வெளியிட ஆசைப்பட்டிருந்தார். ஒரே குறை, ட்ரம் தாளத்தை விட்டு ஓடுகிறது என்றார். அடுத்த மாதம் கற்பிட்டி ஹோட்டல் ஒன்றில் கடற்கரைக் கச்சேரி. அதற்கு அவரே வருகிறார். அன்றைக்கும் ட்ரம் ஓடினால் கொழும்பிலிருந்து வேறு ஆள். இதை றிஸ்கான் மற்ற மூன்று பேருக்கும் பொதுவாகச் சொன்னான், ஆனால் விதுஷனைப் பார்த்துச் சொன்னான்.

ட்ரம் ஓடுவதற்கு விதுஷன் பொறுப்பல்ல. உடப்புக் கரையில் அவன் அப்பா முத்துலிங்கத்துக்குக் கரைவலை உண்டு. மீசை வருவதற்கு முன்னரே கயிற்றைப் பிடித்தவன் அவன். கரைவலை இழுக்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் உலகத்தில் ஓர் அவசரமும் கிடையாது. பின்பக்கமாக நடந்து, ஊர்க்கதை கதைத்து, யார் வீட்டில் யார் கோபம் என்று விசாரித்து இழுப்பார்கள். மீன் அடைபட்ட வலைப்பையான மடி கரைக்குக் கிட்ட வர வர, இரண்டு கயிற்றுக்காரரும் நெருங்கி வர வர, கால்கள் தாமாக ஓடும். கடைசியில் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓட்டம்தான். மெதுவாக இழுத்தால் மீன் அடியால் போய்விடும். ஆகவே, தொடங்கிய வேகத்திலேயே முடிகிற காரியமொன்று உலகத்தில் இருக்கலாம் என்பது விதுஷனுக்கு யாரும் சொல்லித்தராத சங்கதி.

குழு உருவானதும் இந்தக் கோளாறினால்தான். அல்பிரட்டின் அக்கா சுஜாந்தியின் கலியாணத்தில் பைலா ஆட்டப்பாட்டுகள் வாசிப்பதற்காக நான்கு பேர் சேர்ந்தார்கள். தில்லையடியில் போன் திருத்தும் றிஸ்கான் கிற்றார். மாதா கோயில் பாடகர் குழுவில் வளர்ந்த அல்பிரட் பேஸ் கிற்றார். பாட்டு, உடப்பில் கருவாடு போடும் ராசம்மாவின் மகள் சுலக்ஷனா. பைலா முடிந்தும் சனம் கதிரையில் இருக்க மறுத்ததால், சுலக்ஷனா தான் எழுதிய பாட்டொன்றை எடுத்துவிட்டாள். புத்தளம் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது எழுதியது. பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் அப்படியொரு பாட்டே இருந்திராது.

பஸ் வராது, பஸ் வராது,
வந்தாலும் நிக்காது,
நிண்டாலும் ஏறாத,
அது உன்ட ஊருக்குப் போகாது!

நடுப்பாட்டில் விதுஷனின் கைகளுக்கு வலை ஞாபகம் வந்துவிட்டது. வேகம் ஏறியது. ஏறிய வேகத்தில், கரையில் எல்லோரும் கத்துவதை அவனும் கத்திவிட்டான்: "மடி வருது! மடி வருது!" சுலக்ஷனா திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள், அவளும் ஓடினாள். மாப்பிள்ளையின் சப்பாத்து ஒன்று கழன்று கேக்குக்குப் பக்கத்தில் விழுந்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். கீழே யாரோ 'இது அசல் பொப் பங்க்' என்று எழுதினார்கள். அன்றிரவு நான்கு பேரும் பொப் பங்க் என்றால் என்னவென்று தேடிப் பார்த்து, தாங்கள் அதில் வல்லவர்கள் என்பதை அறிந்துகொண்டார்கள்.

குழுவுக்குக் 'கூனி' என்று பெயர் வைத்தார்கள். உடப்பில் ஒரு பெரியவர், இராமாயணத்துப் பெயரா என்று மகிழ்ந்து கேட்டார். இல்லை, சம்பல் இடிக்கிற கூனி இறால் என்றதும் மகிழ்ச்சியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். றிஸ்கான் தலைமயிருக்குச் சிவப்பு அடித்தான். அவன் உம்மா ஷிஹாரா, தொழப் பள்ளிக்குப் போகும்போது தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். புத்தளம், சிலாபம், பிறகு நீர்கொழும்பு. எங்கே போனாலும் பாட்டின் நடுவில் சனம் முந்திக்கொண்டு கத்தும்: "மடி வருது!" கடலையே திரும்பிப் பாராத ரியூஷன் மாஸ்டர்மாரும் கத்தினார்கள்.

இப்போது அந்த வேகத்தைத்தான் குணப்படுத்த வேண்டும்.

விதுஷன் பிடிவாதக்காரன். இந்தக் குழுவை விட்டால் அவனுக்குக் கயிறு இருந்தது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது, வேறொன்றும் இருக்கவில்லை. டிக்கைக் காதில் மாட்டிக்கொண்டு பாண் தின்றான். டிக்குக்கு நடந்தான். டிக்குக்குப் பல் தீட்டினான். போனில் சார்ஜ் இறங்கினால், மிஞ்சிய குளத்தில் இறால்களுக்குக் காற்றுக் கொடுக்கச் சுழலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் இருந்தான். அது தண்ணீரைச் சளப், சளப் என்று ஒரே அளவில் அடித்துக்கொண்டிருக்கும். அதற்கு அவசரம் கிடையாது, இறாலுக்கும் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டு தொடையில் தட்டினான். வேகம் ஏறப் பார்க்கும்போதெல்லாம் கீழுதட்டைக் கடித்தான். உதடு புண்ணாகியது. அந்த மாதம் இறால் நன்றாக வளர்கிறது, தம்பி பக்கத்தில் இருப்பதால்தானோ என்னவோ என்றார் இன்னாசிப்பிள்ளை. அவனது தாளத்துக்குக் கிடைத்த முதல் நல்ல விமர்சனம் அது.

சுலக்ஷனா ஒருநாள் கொட்டில் வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"என்ன, நல்லா இருக்கா?" என்றான்.

"சுவர் மணிக்கூடு மாதிரி இருக்கு."

"அதுதானே வேணும்?"

"ஆருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

கற்பிட்டிக் கச்சேரி பின்னேரம். காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் வழுக்கும் வெள்ளைக்காரர் ஒரு பக்கம், ஊர்ப் பெடியள் ஒரு பக்கம், நடுவில் பிளாஸ்டிக் கதிரையில் இஸ்ஹாக். கால்மேல் கால். அந்தக் கால் ஆடவில்லை. விதுஷன் இயர்போனைச் சொருகினான். 'பஸ் வராது' தொடங்கியது.

முதல் பல்லவி ஒழுங்காகப் போனது. இரண்டாவது பல்லவிக்குச் சனம் தயாராகியது. ஆடுவதற்காகச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தவர்களும் உண்டு. "மடி வருது!" என்று கத்தினார்கள். மடி வரவில்லை. விதுஷனின் தோளிலிருந்து விரல் வரைக்கும் நரம்பெல்லாம் ஓடச் சொன்னது. அவன் உதட்டைக் கடித்தான். டிக். டிக். "மடி வருது!" என்று இன்னொரு தரம், கொஞ்சம் கேள்விபோல. பிறகு ஒருவன் மட்டும் தனியாகக் கத்திவிட்டு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டான். தூக்கிய செருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

சுலக்ஷனா திரும்பிப் பார்த்தாள். கலியாண வீட்டில் பார்த்த அதே பார்வை. பிறகு தனியாகவே ஓடத் தொடங்கினாள். அவளுடைய பஸ் முன்னால் போக, ட்ரம் பின்னால் நின்றது. றிஸ்கான் ட்ரம்மோடு நிற்கப் பார்த்தான். அல்பிரட் யாருக்கும் துரோகம் செய்ய மனமில்லாமல் இரண்டுக்கும் நடுவில் வாசித்து, இரண்டு பேருக்கும் பிழையாக வாசித்தான். பாட்டு நான்கு இடத்தில் முடிந்தது. விதுஷன் மட்டும் டிக்கோடு முடித்தான், ஒரு மயிரிழையும் பிசகாமல்.

இஸ்ஹாக் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "மல்லி," என்று சிங்களத்தில் தம்பி என்றார். "ட்ரம் கிளாஸ். இப்படித்தான் வேணும்." பிறகு றிஸ்கானைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். தள்ளிப் போனாலும் காற்று இந்தப் பக்கமாகத்தான் அடித்தது. "இப்ப பாடுற பிள்ளைதான் ஓடுது. கொழும்புல நல்ல பிள்ளையொண்டு ஈக்கி. திங்கக்கிழமை வந்து பதிவு செய்வோம்."

திரும்பும்போது இன்னாசிப்பிள்ளையின் மீன் லொறியில், வெறும் ஐஸ் பெட்டிகளின் மேல் நான்கு பேரும் இருந்தார்கள். பாலாவி தாண்டியதும் விதுஷன் சுலக்ஷனாவின் பக்கம் திரும்பினான்.

"நீ ஓடிட்டாய்," என்றான் விதுஷன்.

"நான் ஓடேல்ல. நீ வரேல்ல."

"சொன்னதைத்தானே செஞ்சன்? ஒரு மாசம் வாய் புண்ணாகக் கிடந்து செஞ்சன்."

"ஓம். நல்லாத்தான் செஞ்சாய்."

றிஸ்கான் தொப்பியைக் கழற்றி மடித்தான். "சுலக்ஷனா, கோவிக்காத. ஒரு பாட்டுத்தானே? அது கிளம்பினா, பொறகு நாங்க சொல்றதை அந்தாள் கேப்பாரு. பொறகு நீயும்…"

"பொறகு பஸ் வருமா, றிஸ்கான்?"

அல்பிரட் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் குனிந்துகொண்டான். விதுஷன் ஏதாவது சொல்வான் என்று அவள் பார்த்தாள். அவனும் பார்த்தான், தான் ஏதாவது சொல்வானா என்று. லொறியின் தட்டி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அது ஒரே அளவில் அடிக்கிறது என்பதை அவன் கவனித்தான், கவனித்ததற்காகத் தன்மேல் கோபம் வந்தது.

உடப்புச் சந்தியில் அவள் குதித்தாள். "பாட்டு என்ட. மைக்கும் என்ட. அதுகள் எனக்கு. பேர் உங்களுக்கு. கூனியைச் சம்பல் இடிச்சுப் பாணோட தின்னுங்கோ."

அதோடு கூனி முடிந்தது. அல்பிரட் திருநாளுக்குப் பாட்டுப் பழகக் கோயிலுக்குத் திரும்பினான். மாதா யாரையும் அவசரப்படுத்துவதில்லை என்றான். றிஸ்கான் மட்டும் தினமும் போன் எடுத்தான். "நீ வந்தா நாங்க ரெண்டு பேரு, கொழும்புல ரெண்டு பேரு. பாட்டு வேற எழுதலாம். திங்கக்கிழமை மச்சான், மறக்காத."

ஞாயிறு காலையில் விதுஷன் கயிற்றில் நின்றான். வழக்கம்போல மெதுவாகத் தொடங்கியது. ஒருவர் மகளின் சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் அந்த மாப்பிள்ளையின் குடியைப் பற்றிச் சொன்னார். மிதப்புகள் தூரத்தில் பெரிய வளையமாக ஆடின. வளையம் சிறுத்தது. முன்னால் நின்றவர்கள் வேகம் எடுத்தார்கள். விதுஷனின் கைகள் எடுக்கவில்லை. டிக். டிக். காதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கேட்டது. முன்னால் இழுபட்ட கயிறு அவனிடம் வந்து தொய்ந்து, நெஞ்சிலும் முழங்காலிலும் விழுந்து, காலடியில் சுருண்டது.

"டேய்! மனிசனா டிராக்டராடா நீ?" என்று முத்துலிங்கம் தலைப்பாகையை மணலில் அடித்தார். "மடி வருது! மடி வருது! இழுடா!"

கரையில் கருவாட்டுக்கு மீன் எடுக்கப் பேசின் சட்டியோடு ராசம்மா நின்றாள். பக்கத்தில் சுலக்ஷனா. அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து, அவனுக்கு அடுத்ததாகக் கயிற்றைப் பிடித்தாள். பெண்பிள்ளை பிடிக்கிறதா என்று யாரோ தொடங்கினார். மடி வரும் நேரத்தில் அந்தக் கதையை முடிக்க யாருக்கும் மூச்சு இருக்கவில்லை.

"தள்ளி நில்லு," என்றான் விதுஷன், "மிதிபடுவாய்."

"நீ தள்ளு. இல்லாட்டி வா."

அவள் இழுத்தாள். அவனுடைய காற்சட்டைப் பைக்குள் போன் நடுங்கியது. றிஸ்கான்தான். அவளுடைய கால் அவன் காலை மிதித்தது, திரும்ப மிதித்தது, அதைவிடச் சுருக்காக இன்னொரு தரம். அவனுடைய காலும் ஓடியது, கயிறு ஈரத்தோடு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. எதிரே இரண்டு வரிசை மிதப்புகளும் ஒன்றையொன்று தொடப் போயின. நடுவில், ஒரு முழத் தண்ணீரில், மீன்கள் எல்லாம் ஒரேயடியாகத் துள்ளத் தொடங்கின.