இரண்டு விரலுக்குத் திறக்கும் இதயம்

அந்த விரல் அசைவு, செயலியை வடிவமைத்த அவளுடைய யோசனைதான். பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் செயலி அது. மேசையில் வைத்த பட அட்டையைக் கைபேசிக் கேமரா வழியாகப் பார்த்தால், அட்டையின்மேல் ஓர் இதயம் எழுந்து துடிக்கும். திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தால் பிளந்து உள்ளறைகளைக் காட்டும். அலுவலகமே வாயைப் பிளந்தது. அவளுக்கும் கால் தரையில் பாவவில்லை.

வெளியிடுமுன் ஒரு வகுப்பில் சோதித்தார்கள். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது மட்டுமே அவள் வேலை. பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் பார்ப்பவர் உதவக் கூடாது, அதுதான் விதி.

முன் பெஞ்சில் 'வாயாடி' என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி. டீச்சர் கேள்வியை முடிக்குமுன் பதிலைச் சொல்லிவிடுகிற ரகம். அவளுடைய இடது கை முழங்கையோடு முடிந்திருந்தது.

வாயாடி வலது கையில் கைபேசியைப் பிடித்தாள். இதயம் எழுந்தது. "ஐயோ, துடிக்குதுடீ!" விரிக்கத்தான் விரல் மிச்சமில்லை. கட்டைவிரலால் தேய்த்தாள், இதயம் பம்பரமாய்ச் சுற்றியதே தவிரத் திறக்கவில்லை. கைபேசியை மேசையில் வைத்தாள். கேமராவுக்கு அட்டை மறைந்ததும் இதயமும் மாயமானது. பையில் சாய்த்து நிறுத்தினாள், சரிந்து விழுந்தது. அக்குளில் இடுக்கினாள், திரை கண்ணுக்கு எட்டவில்லை.

"அக்கா, உங்க இதயம் என்னைக் கண்டா ஒளிஞ்சுக்குது" என்று திரும்பிச் சிரித்தாள்.

விதியை மீறினாலும் சொல்ல என்ன இருந்தது? செயலியில் வேறு வழி எதையும் அவள் வைக்கவே இல்லை. மனசு கேட்காமல் எழுந்து போனாள். "நான் பிடிச்சுக்கட்டுமா?"

"வேணாம்க்கா. எல்லாரும் தானாத்தானே செய்றாங்க."

கொஞ்ச நேரம் கழித்து வாயாடி கைபேசியைப் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டினாள். "நீயே தொற." அதற்குப் பிறகு வகுப்பு முடியும்வரை அவள் வாயே திறக்கவில்லை.

அலுவலகம் திரும்பியதும் மேலாளரிடம் போனாள். "சார், ஒரு பட்டன் போதும். விரிக்க முடியாதவங்க அதைத் தொட்டாத் தொறக்கட்டும்."

"நல்ல யோசனைதான்மா. ஆனா நாளைக்கு வெளியீடு. இப்பக் கை வெச்சா வேற எங்கயாவது புட்டுக்கும். அடுத்த பதிப்புல பாக்கலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப சார்?"

"பாக்கலாம்னு சொன்னேன்ல."

நிரல் எழுதுகிறவரிடம் கெஞ்சினாள். "அவர் சரின்னா அஞ்சு நிமிஷ வேலை" என்று அவரும் கையை விரித்தார். மறுநாள் செயலி வெளியானது. அவளுக்குத்தான் முதல் கைதட்டல். சிரித்து வைத்தாள்.

அடுத்த வாரம் டீச்சரே போனில் கூப்பிட்டார். "பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எல்லா வகுப்புக்கும் கேட்டிருக்கோம்."

"அந்த வாயாடி எப்படிச் செய்றா டீச்சர்?"

"அவளா? அந்தப் பாடத்துக்கு மட்டும் நூலகத்துல உக்காந்துக்கறேன்னா. சரின்னு அனுப்பிட்டேன். ஏம்மா, உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

மேசைமேலிருந்த பட அட்டையை அவள் கவிழ்த்து வைத்தாள்.

"இல்ல டீச்சர். ஒண்ணும் சொல்லல."