மஞ்சள் காரின் மூக்கு

சந்தை முனையில் அந்தக் கார் வந்து நின்றபோது சுன்னோக் கருவாட்டை மிருதுவாக்கத் தடியால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தாமலே ஓரக்கண்ணால் பார்த்தாள். வாழைப்பழ மஞ்சள். தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, பின்னால் ஒரு இறக்கை, என்ஜின் மூடியின் மேல் துவாரம் வைத்த மூக்குபோல் ஒரு மேடு. பக்கத்துக் கடைக்காரி கழுத்தை நீட்டி, "உன் மாப்பிள்ளை சினிமாக்காரரா?" என்று கேட்டாள்.

"இன்னும் மாப்பிள்ளை ஆகலை" என்றாள் சுன்னோக்.

அதுதான் அன்றைக்கு முடிவாக வேண்டும். மகள் யுன்ஜூவுக்குத் தகப்பன் இல்லை. ஆம் என்பதும் இல்லை என்பதும் சுன்னோக்கின் வாயில்தான் இருந்தது. பையன் தேஷிக்குக்கு சிமெண்ட் ஆலை அலுவலகத்தில் வேலை, வீட்டுக்கு இரண்டாவது பிள்ளை என்று யுன்ஜூ சொல்லியிருந்தாள். அந்த இரண்டாவது பிள்ளை என்பதுதான் சுன்னோக்குக்குப் பிடித்திருந்தது. மூத்தவன் பெண்டாட்டியாக வாழ்ந்து, புருஷன் வீட்டுத் திவசங்களுக்கெல்லாம் அடுப்படியில் குந்தியிருந்தே முழங்கால் தேய்ந்தவள் அவள். மகளுக்கு அது வேண்டாம்.

ஆனால் இந்தக் கார் பிடிக்கவில்லை. இவ்வளவு பளபளப்பை ஓட்டுகிறவன் ஒன்று வேகத்தில் சாவான், இல்லையென்றால் வேஷக்காரன்.

மலைமேல் பனிக்காற்றில் கருவாடு காயப்போட்ட இடத்துக்குப் போக வேண்டும், வண்டி கிடைக்கவில்லை என்று ஒரு சாக்குச் சொன்னாள். யுன்ஜூவோடு காரிலிருந்து இறங்கிய தேஷிக் உடனே சம்மதித்தான். அவன் யுன்ஜூவோடு சாக்குப் பைகளை எடுக்கக் கடைக்குள் போன நேரத்தில், தூசி துடைப்பதுபோல் குனிந்து அந்த மூக்குக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நகம் மட்டும்தான் போனது. ஓட்டையே இல்லை. வெறும் பிளாஸ்டிக்.

அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டாள்.

முன்சீட்டில் அவள் உட்கார, பின்சீட் என்ற பெயரில் இருந்த இடுக்கில் யுன்ஜூ முழங்காலைத் தாடையோடு ஒட்டிக்கொண்டு மடங்கினாள். கீழே சமவெளியில் கார் நன்றாகத்தான் உறுமியது. மலைப்பாதை நிமிர நிமிர உறுமல் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை. ஓரங்களில் பனி குவிந்து கிடந்தது. பின்னால் ஒரு மீன் லாரி வந்து விடாமல் ஹாரன் அடித்தது. தேஷிக் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "தம்பி, கயிறு கட்டி இழுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தேஷிக் தலை குனிந்து கும்பிட்டான். காது சிவந்திருந்தது. வருங்கால மாமியார் பக்கத்தில் இருக்கிறாள் என்பதற்காகக் காட்டும் அடக்கமோ என்று சுன்னோக்குக்குத் தோன்றியது.

என்ஜின் சூட்டைத் தணிக்க மேட்டோரம் நிறுத்தினார்கள். அவள் இறங்கி, முன்மூடியைக் காட்டினாள்.

"தம்பி, இந்த மூக்கு எதுக்குங்க?"

யுன்ஜூ பின்னாலிருந்து முந்திக்கொண்டாள். "என்ஜினுக்குக் காத்துப் போகம்மா. வேகமா போற காருக்கெல்லாம் அது இருக்கும்."

தேஷிக் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சுன்னோக்கைப் பார்த்தான்.

"காத்தெல்லாம் போகாதுங்கம்மா. சும்மா ஒட்டினது. உள்ள இருக்கறது சாதாரண சின்னக் காரோட என்ஜின்தான். தெரிஞ்சுதான் வாங்கினேன். நல்ல காருக்கு என்னால முடியாது, இது பாக்க அழகா இருந்துச்சு."

பொய் சொன்ன மகள் மேல் வந்த கோபத்தை சுன்னோக் அப்படியே விழுங்கினாள்.

"வேற என்ன ஒட்டி வெச்சிருக்கீங்க?"

"இறக்கையும் சும்மாதாங்க" என்றவன் நிறுத்தினான். யுன்ஜூ கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவன் அதைப் பார்க்காததுபோல் பனியைப் பார்த்துச் சொன்னான். "நான் ரெண்டாவது பிள்ளை இல்லைங்கம்மா. மூத்தவன். இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் வந்தேன்."

சுன்னோக்குக்கு முழங்கால் இப்போதே வலித்தது. ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"வருஷத்துக்கு எத்தனை திவசம்?"

"ஏழுங்க."

"யார் அடுப்புல நிக்கறது?"

"அம்மாவுக்கு முடியலை. படையலுக்கு மீனை மாவுல முக்கிப் பொரிக்கறதெல்லாம் நான்தான்."

எந்த மூத்த மகன் அடுப்பங்கரைக்குள் போயிருக்கிறான்? அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் தெறித்ததுபோல் பழைய தழும்பு ஒன்றிரண்டு தெரிந்தது. அதையும் அவள் முழுசாக நம்பவில்லை. சிகரெட் சுட்டதாகக்கூட இருக்கலாம்.

"அடுத்த மாசம் யுன்ஜூ அப்பா திவசம்" என்றாள். "வந்து மீன் பொரி. பக்கத்துலயே நின்னு பாப்பேன்."

அவன் குனிந்து வணங்கி நிமிர்வதற்குள் அவள் காருக்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"இதுல வராதே" என்றாள் கதவைச் சாத்திக்கொண்டே. "அன்னிக்கு நேரத்துக்கு வந்து சேரணும். பஸ்ல வா."