கைரேகை வைக்காதவன்

ரெனே அப்பாவின் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் வாளியை அவர் தாடைக்கடியில் கொடுத்தாள். வந்தது வெறும் பச்சைத் தண்ணீர். அது வந்து முடிந்த பிறகும் வயிறு விடுவதாக இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் காலமெல்லாம் குனிந்து வேலை செய்த எமில் ஹுடாக்கின் பெரிய உடம்பு, குமட்டிக் குமட்டிக் கட்டிலில் துள்ளியது.

“போதும் ஆண்டவரே,” என்றார் அவர்.

ரெனே துணியால் முகத்தைத் துடைத்தாள். பக்கத்து வீட்டு டொலோரஸ் ஆசையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன முட்டைக்கோஸ் உருண்டையின் வாசனைதான் இன்றைக்கு வினை. நேற்று சோப்பு வாசனை, அதற்கு முந்தின நாள் ரெனேயின் தலைமுடி. கணையத்தில் வந்த புற்றுநோய் மற்றதையெல்லாம் தின்றுவிட்டு மூக்கை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. வலிக்குக் கொடுத்த மார்ஃபினும் தன் பங்குக்குக் குமட்டலைக் கூட்டியது.

“டென்னி எங்க?”

“அவன் வீட்டு கராஜ்ல இருக்கான்பா.”

“அனுமதி வந்துருச்சாம்மா?”

“இன்னும் வரலையாம்.”

“அரசாங்கத்து வேலைன்னா அப்படித்தான். ஆமைகூட முந்திக்கும்.” கண்ணை மூடிக்கொண்டார். “ஒரு வாய் சூப்பு வயித்துல தங்கணும். வேற என்ன கேட்டேன் நான்?”

அந்த ஒரு வாய்க்காகத்தான், குமட்டலை அடக்கும் கஞ்சா மருந்தைச் சட்டப்படி வாங்க, எமில் இந்த வயதில் கஞ்சா நோயாளி என்று மாநிலத்தில் தன் பெயரைப் பதிந்துகொண்டார். என் ஊர்க் கடையிலேயே வாங்கி வருகிறேன் என்று பக்கத்து மாநிலமான ஒஹாயோவிலிருந்து ரெனே சொன்னபோது ஃபோனிலேயே கத்தினார். “எல்லை தாண்டிக் கொண்டுவந்து நீ கம்பி எண்ணவா? எது செஞ்சாலும் சட்டப்படி செய்யணும்.” சட்டப்படி என்றால் அவருக்கு முழுச் சட்டம். பதிந்துகொண்டவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது மத்திய அரசு. பென்சில்வேனியாவின் இந்த மலைப்பக்கத்தில் பெண்டாட்டியை விட்டாலும் விடுவான், மான் துப்பாக்கியை எவனும் விடமாட்டான். எமில் விட்டார். அத்தனையையும் மகன் டென்னி பேருக்கு மாற்றிவிட்டுத்தான் டாக்டரிடமே பேசினார்.

நோயாளி அட்டை வந்தது. ஆனால் மருந்துக் கடைவரை போக உடம்பில் தெம்பு இல்லை. நோயாளிக்குப் பதிலாகப் போய் வாங்க ஒரு பொறுப்பாளர் வேண்டும். இந்த மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும், அவரும் கைரேகை வைத்து அனுமதி வாங்க வேண்டும். கொல்லைக்கு அந்தப் பக்கமே குடியிருக்கிற டென்னி, “நான் பாத்துக்கறேன்பா,” என்றான். அப்போது இலைகூடப் பழுக்கவில்லை. இப்போது மரமெல்லாம் மொட்டை, மான் வேட்டைப் பருவம் தொடங்கப் போகிறது.

வீட்டுக்கு வந்து கவனித்துக்கொள்ளும் நர்ஸ் பெவ் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். பாதம் திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தது. ரெனேயைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், “இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்மா,” என்றாள்.

“அந்தக் கஞ்சாச் சொட்டு மருந்து மட்டும் நேரத்துக்குக் கிடைச்சிருந்தா, இப்படிக் கக்கிக் கக்கிச் சாகாமயாவது இருந்திருப்பாரு. பாழாப்போன அனுமதி.”

“என்னது, இன்னுமா வரல?” பெவ் புருவத்தைச் சுருக்கினாள். “மேலத் தெருவுல என் பேஷன்ட் ஒருத்தர். அவர் சம்சாரம் கைரேகை வச்சா, கொஞ்ச நாள்லயே மருந்தோட வந்து நின்னா. உன் தம்பி முதல்ல கைரேகை வச்சானான்னு கேளு.”

ரெனே கோட்டுகூடப் போடாமல் கொல்லையைக் கடந்தாள். டென்னி முக்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் துப்பாக்கியை மடியில் கிடத்தி, குழலுக்குள் துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். கராஜ் முழுக்க எண்ணெய் நெடி.

“கைரேகை வச்சியாடா?”

“எதுக்கு?” அவன் நிமிரவில்லை.

“டென்னி!”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, ரெனே. வேட்டை க்ளப்புல எல்லாருமே சொல்றாங்க. கஞ்சா விவகாரத்துல ஒரு தடவ விரல வச்சா, நம்ம பேரு நேரா வாஷிங்டன் போயிடும். நாளைக்கே எவனாவது வந்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போவான்.”

“மருந்து சாப்பிடறவங்களுக்குத்தான்டா அந்தச் சட்டம். வாங்கித் தர்றவனுக்கு இல்ல.”

“அது இன்னிக்கு. நாளைக்கு மாத்த மாட்டான்னு என்ன நிச்சயம்?”

“அப்ப தினம் தினம் அவர்கிட்ட, இன்னும் வரல, இன்னும் வரலன்னு சொன்னது?”

“போகலாம்னுதான் இருந்தேன். இந்தப் பருவம் முடியட்டும்னு...”

ரெனேவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் எதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நோயாளியானாரோ, அதையே மடியில் போட்டுக்கொண்டு, அது போய்விடுமே என்று அவரைச் சாகக் கிடத்தியிருக்கிறான் இந்த மகராசன்.

“த்தூ! நீயெல்லாம் ஒரு பிள்ளை. பெத்தவர் பித்தத்தக் கக்கிக்கிட்டுக் கிடக்காரு, நீ இரும்புக்கு எண்ணெய் போட்டுக்கிட்டிருக்க.”

அவன் அழ ஆரம்பித்தான். “அப்பாகிட்ட சொல்லிடாத. என்னை அப்படி நெனச்சுக்கிட்டு அவர் போக வேணாம்.”

அந்த அழுகையும் தனக்காகத்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் அருவருத்தது.

“சொல்லத்தான் போறேன். எழுந்து நட.”

எமிலின் மூச்சு அதற்குள் விட்டு விட்டு வர ஆரம்பித்திருந்தது. டென்னி கட்டிலோரம் நின்று அவர் கையைப் பிடித்தான். எண்ணெய் நெடி அறைக்குள் பரவியது. ஐயோ, இதற்கும் குமட்டுமே என்று ரெனே வாளியை எடுத்தாள். எமில் மகனின் கையை மெல்ல இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். ஆழமாக இழுத்தார்.

“பழசுதானே? கைப்பிடியில கீறல் விழுந்தது?”

“ஆமாம்பா.”

“உள்ள நல்லாத் துடைச்சியா?”

“துடைச்சேன்.”

அவர் வயிறு சத்தமில்லாமல் கிடந்தது. இத்தனை நாளில் அது அடங்கியது இந்தக் கர்மத்துக்குத்தானா என்று ரெனே பல்லைக் கடித்தாள்.

“ரெனே.”

“சொல்லுங்கப்பா.”

“கொல்லையில உன் சத்தம் கேட்டுச்சு. அவனத் திட்டாத. அனுமதி வரலன்னா அவன் என்ன பண்ணுவான்? பாவம், எனக்காக எவ்ளோ அலைஞ்சான். இல்ல?”

டென்னி தரையைப் பார்த்தான். பெவ் திரும்பிக்கொண்டு பையில் எதையோ தேடினாள். ரெனேயின் வாய்வரை வந்துவிட்டது எல்லாம். எமில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லையாம்மா?”

“அலைஞ்சான்பா,” என்றாள் ரெனே. “எவ்ளோவோ அலைஞ்சான்.”

எமில் தலையை ஆட்டினார். மகனின் கையை விடவில்லை. இருட்டுவதற்குள் ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை.

பெவ் நாடி பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த மார்ஃபினை வேறு யாரும் எடுத்துவிடாதபடி, பூனைக் கழிவுக்கு வைக்கிற மணலில் கொட்டிக் கலக்கினாள். டென்னி வாய்விட்டு அழுதுகொண்டே வந்து ரெனேயைக் கட்டிக்கொண்டான்.

“பெரிய மனசு உனக்கு,” என்றான் அவள் காதோரம்.

அவள் அவன் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். துப்பினாள். மறுபடி கொப்பளித்துத் துப்பினாள்.

“என்னம்மா, வாந்தி வருதா?” என்று கேட்டுக்கொண்டு வந்தாள் பெவ்.

இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, ரெனே மீண்டும் உள்ளங்கையில் தண்ணீர் பிடித்தாள்.